பன்னிரண்டாம் எண் பூட்ஸ்

குவார்ட்சைட்டுக்குத் தெற்கே பதினொரு மைல்.
தார்ச்சாலை முடிந்து சரளை,
சரளை முடிந்து வெறும் தரை.
காய்ந்த ஓடைக்குள் நிறுத்தாதே என்றார் ஆரின் டகெட்,
எனக்கு முன்பே வந்து கூடாரத்துணி விரித்திருந்தவர்.
இங்கே மழை பெய்ய வேண்டியதில்லை,
அந்த மலையில் பெய்தால் போதும்,
படுக்கையோடு மிதப்பாய்.
மேட்டில் நிறுத்தினேன்.
சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தேன்.

ஜெனரேட்டருக்குச் சங்கிலி.
சோலார் பலகைகளுக்குத்
தனிச் சாவி கேட்கும் திருகுகள்.
இழுவைக் கொக்கிக்கு ஒரு பூட்டு,
கேஸ் சிலிண்டருக்கு ஒரு பூட்டு.
சாவிகள் எல்லாம் ஒரு காப்பித்தூள் டப்பாவில்.
டப்பா எங்கே என்று
உங்களிடமும் சொல்லமாட்டேன்.

முப்பத்தோரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டினேன்.
கடைசி இருக்கைவரை நடந்து பார்க்காமல்
ஒருநாளும் இறங்கியதில்லை.
அதே பழக்கம்
இப்போது இருட்டுமுன் வண்டியைச் சுற்றி மூன்று நடை.

தனியாகவா என்று கேட்பவர்களிடம்
நாங்கள் வெள்ளிக்கிழமைவரை இருப்போம் என்பேன்.
எங்களுக்கு இரைச்சல் ஆகாது என்பேன்.
நானுக்கும் நாங்களுக்கும் நடுவே
இரண்டே எழுத்து.
என்னிடம் இருந்த பூட்டுகளில்
அதுதான் கெட்டி.

போதாது என்று
யூமாவில் பழைய சாமான் கடையில்
நான்கு டாலருக்கு ஒரு ஜோடி ஆண் பூட்ஸ்.
பன்னிரண்டாம் எண். இரும்பு முனை.
படிக்கருகே வைத்தேன்,
இப்போதுதான் கழற்றிப் போட்டதுபோல்
ஒன்று மட்டும் கொஞ்சம் சாய்ந்து.
பக்கத்தில் தண்ணீரோடு
நாய் இல்லாத நாய்க்கிண்ணம்.
ஆளுக்கு வெர்லின் என்று பெயர் வைத்தேன்.
நாய்க்கு வைக்கவில்லை.
"வெர்லின், விளக்கை அணை" என்று
வெளியே கேட்கும்படி கத்துவேன்.
அணைப்பதும் நான்தான்.
சில இரவுகளில்
அவன் அணைக்கட்டும் என்று
கொஞ்ச நேரம் காத்திருந்ததும் உண்டு.

ஒன்பதாவது இரவு
தகரக் கிண்ணம் தரையில் தேயும் ஓசை.
கொயோட்டீ என்று திரும்பிப் படுத்தேன்.

காலையில்
ஜெனரேட்டர் இருந்தது, சங்கிலியும்.
பலகைகள் இருந்தன.
மடக்கு நாற்காலியை நான் உள்ளே எடுத்துவைக்க மறந்திருந்தேன்,
அதுகூட இருந்தது.
பூட்ஸைக் காணோம்.
கிண்ணத்தில் ஒரு சொட்டு இல்லை.

மணலில் எல்லாம் எழுதியிருந்தது.
ஓடைப் பக்கமிருந்து வந்தது வெறுங்கால்,
இடது குதிகாலை ஊன்றாமல்.
திரும்பிப் போனது வெர்லின்.
என் படியிலிருந்து கிரியோசோட் புதர்களின் ஊடே
இல்லாத ஆளின் தடம்,
பொருந்தாத பூட்ஸை
இழுத்து இழுத்து.

ஆரின் வந்து பார்த்தார்.
"புருஷன் ஓடிவிட்டானா?" என்று சிரித்தார்.
பிறகு அந்த வெறுங்கால் தடத்தருகே குந்தி
விரித்த கையால் அளந்தார்.
ஒரு சாண், மேலே நாலு விரலுக்கும் குறைவு.
சிரிப்பு நின்றது.
ஆள் அசைந்தால் எரியும் விளக்கு ஒன்று
மிச்சம் இருக்கிறது என்றார்.
வாங்கி மாட்டிக்கொண்டேன்.
என்னை நல்லவள் என்று நினைக்க வேண்டாம்,
அன்றிரவு தாழ்ப்பாளை
நான்கு முறை தொட்டுப் பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை மறுபடி யூமா.
அதே கடை. ஆறு டாலர்.
இம்முறை ஒன்பதாம் எண்.
கம்பளிக் காலுறையும் ஒரு ஜோடி,
அது புதிது.
கடைக்காரி வயதுக்கு வந்த மகனுக்கா என்றாள்.
எங்களுக்குத்தான் என்றேன்.

படிக்கருகே வைத்திருக்கிறேன்.
கிண்ணம் நிரம்பியிருக்கிறது.
விளக்கை அணைக்கச் சொல்லி
யாரையும் இப்போது கூப்பிடுவதில்லை.
தினமும் இருட்டுமுன்
மூன்று நடை முடித்து,
பூட்ஸ் இரண்டையும் கவிழ்த்து
குதிகாலில் தட்டித் தட்டி
உள்ளே தேள் இல்லை என்று
பார்த்து வைக்கிறேன்.